ஸபீனாவில் ஒரு தாள் குறைவு

மீராலெப்பைத் தண்டலின் கற்பூர மரப்பெட்டியைத் திறக்கும் உரிமை அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் தண்டலின் பேரன் ஸைனுலாப்தீன் மரைக்கார். திருக்கோணமலைத் துறைமுக வீதியில் கயிறும் தாரும் நங்கூரமும் விற்கிற கடை அவருடையது. கடற்கரைப் பள்ளிவாசலின் பொறுப்பும் அவர் கையில்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது வந்து, கையைக் கழுவித் துடைத்து, விரலில் ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே சாவியைத் தொடுவார். அந்த நேரம் வீட்டில் யாரும் உரத்துக் கதைக்கக் கூடாது.

பெட்டிக்குள் இருந்தவை பழைய பத்திரிகைகள். நீராவிக் கப்பல்கள் கரி எடுக்கவும் தண்ணீர் எடுக்கவும் இந்தத் துறைமுகத்துக்குள் நுழைந்த காலத்தவை. மீராலெப்பை அப்போது தண்ணீர் வள்ளத்துத் தண்டல், ஓட்டுகிறவர்களுக்குத் தலைவர். கப்பல் நங்கூரம் போட்டதும் பீப்பாக்களோடு முதலில் போய் ஒட்டுவது அவருடைய வள்ளம். மற்றத் தண்டல்மார் கப்பல்காரரிடம் பிஸ்கட் பேணி கேட்பார்கள், பழைய சப்பாத்து கேட்பார்கள். மீராலெப்பை கேட்டது கடதாசி. வாசித்து முடித்த பத்திரிகை எந்த ஊருடையது என்றாலும் சரி, இரண்டு கையாலும் வாங்கி, தலைப்பாகைக்குள் மடித்து வைத்துக்கொண்டு கரைக்கு வருவார். தலையில் வைத்து வந்ததைத் தரையில் போடாத வீடு அது.

பேரன் அந்தச் சேர்மதியைப் பெருக்கினார். ரங்கூன், பம்பாய், லண்டன் என்று கப்பல் எங்கெங்கிருந்து கொண்டுவந்ததோ அங்கத்தைய தாள்கள் எல்லாம் அவரிடம் சேர்ந்தன. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது, மற்றவர்கள் கட்டிலையும் அலுமாரியையும் ஏலத்தில் எடுக்க முண்டியடித்தார்கள். இவர் போய் அலுமாரித் தட்டுகளில் விரித்திருந்த பழந்தாள்களைக் கேட்டு வாங்கி வந்தார். மூதூரில் ஒரு வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியின் முதுகில் ஒட்டியிருந்த ஒரு தாளுக்காகப் புதுக் கண்ணாடியே வாங்கிக் கொடுத்திருக்கிறார். பூச்சி அணுகாமல் புகையிலைத் துண்டு வைப்பார். மடிப்பு விழுந்த இடத்தைச் சீப்பின் முதுகால் மெல்ல நீவுவார். மரைக்காருக்குக் கோபம் வந்தால் ஊர் நடுங்கும், கடதாசி மட்டும் நடுங்காது என்று கடைக்கு வருகிறவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

அத்தனையிலும் மேலானது ஸபீனா. ஸபீனத்துல் அக்பார் என்பது முழுப்பெயர். செய்திக் கப்பல் என்று பொருள். பினாங்கில் அச்சாகி, கீழைக் கப்பல்களில் வாராவாரம் வந்த பத்திரிகை. எழுத்து அரபு எழுத்து, வாசித்தால் நம்முடைய தமிழ். பாக்கு என்ன விலை, எந்தக் கப்பல் எந்தத் துறையைத் தொட்டது, யாருடைய குதிரை காணாமற்போனது, எல்லாம் அதில் இருக்கும். அதன் ஒரு தாளில்தான் குடும்பத்தின் பெயர் இருந்தது. ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பிய ஒரு நீராவிக் கப்பல் துறைமுக வாய்க்கு வெளியே பாறையில் தட்டி நின்றபோது, வாடைக்காற்று அடிக்க அடிக்கத் தண்ணீர் வள்ளத்தைக் கொண்டுபோய்ப் பெண்டு பிள்ளைகளைக் கரை சேர்த்தவர் மீராலெப்பை. அதைப் பினாங்கில் அச்சடித்து, அடுத்த கப்பலில் அனுப்பி, அவர் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு மனிதனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஸைனுலாப்தீனின் வாப்பா உயிரோடு இருந்த நாளில், வீட்டுக்குப் பெரிய மனிதர்கள் வந்தால் அந்தத் தாள் வெளியே வரும். வாசிப்பது தங்கச்சி நஜ்முன் நிஸா. மூத்தவரான காக்காவுக்கும் அவளுக்கும் வயது வித்தியாசம் நிறைய. அவருடைய மடியில் ஏறி இருந்துகொண்டுதான் வாசிப்பாள். குரல் பிசகாது. ‘மீராலெப்பைத் தண்டல் என்னும் பேர் கொண்ட மாலுமி’ என்ற இடம் வந்ததும் நிறுத்திவிடுவாள். தலையை நிமிர்த்திச் சபையை ஒரு சுற்றுப் பார்ப்பாள். வாப்பா, “மாஷா அல்லாஹ், மேல வாசி மகள்” என்று சொன்னால்தான் அடுத்த வரி வரும். சொல்லாவிட்டால் வராது. அவளை மடியில் வைத்திருந்த ஸைனுலாப்தீனுக்கு, அந்த நிறுத்தத்தில் தன் முதுகு தானாக நிமிர்வது தெரியும்.

அந்தத் தாள்தான் இப்போது பெட்டியில் இல்லை.

வாப்பா மௌத்தான பிறகு தங்கச்சியின் பொறுப்பு காக்காவுடையதாயிற்று. நல்ல இடங்களிலிருந்து கேட்டு வந்தார்கள். அவளோ கிண்ணியா றஊபைத்தான் முடிப்பேன் என்றாள். வாப்பாவின் கடைசிக் காலத்தில் வீட்டு வள்ளத்தில் துடுப்புப் போட்டவன் றஊப்.

“எங்கட வள்ளத்தில துடுப்புப் போட்டவன் எங்கட வீட்டு மாப்பிள்ளையா?” என்று ஸைனுலாப்தீன் கேட்டார். “மீராலெப்பைத் தண்டல்ட பேத்திக்கு ஊருக்குள்ள வேற ஆம்பிளை இல்லையா?”

“அப்பாவும் துடுப்புப் போட்டவர்தானே, காக்கா?” என்றாள் நிஸா.

அவள் சொன்னது பாட்டனாரை. கோபம் வந்து அவருக்குள் உட்கார்ந்துகொண்டது. நிக்காஹ் நடக்க, பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளராக அவள் பக்கம் ஒரு வலி வேண்டும். வாப்பா இல்லாவிட்டால் காக்கா. அவர் மாட்டேன் என்றார். நிஸா கிண்ணியாவில் சாச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். கலியாண வழக்குகளை விசாரிக்கும் காதியார் அவரை ஆளனுப்பிக் கூப்பிட்டு, மறுக்கிறதற்குக் காரணம் என்ன என்று விசாரித்தார். “என்ட தங்கச்சிய நான் குடுக்காததுக்குக் காரணம் சொல்ல, நான் என்ன குற்றவாளியா?” என்று எழுந்து வந்துவிட்டார். காதியாரே வலியாக நின்று நிக்காஹ் நடந்தது.

“உசிரோட காக்கா ஒருத்தன் இருக்க, இன்னொருத்தர் வலியா நிண்டு என்ட தங்கச்சிக்குக் கலியாணம். அப்ப நான் ஆரு? மையித்தா?” இதை அவர் சொன்னது மனைவி சித்தி பரீதாவிடம் மட்டும். அதற்குப் பிறகு அந்தப் பெயரையே வீட்டில் எடுக்கவில்லை.

வீட்டை விட்டுப் போனபோது நிஸா உம்மாவின் அல்லுக்குத்தைக் காதிலிருந்து கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தாள். உடுப்பிலும் பாதியை விட்டுவிட்டாள். எடுத்துப் போனது அந்த ஒரு தாளை. ஸைனுலாப்தீன் அதைக் களவு என்று எடுத்துக்கொண்டார். குடும்பத்தின் மானத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தார். வருஷா வருஷம், நோம்புக்கு முந்திய பராத்து இரவுக்குக் கிண்ணியாவிலிருந்து ரொட்டிப் பொதி வரும். ஒரு துண்டும் வாயில் வைக்காமல் பள்ளி வாசலில் கையேந்தும் மிஸ்கீன்களுக்குக் கொடுக்கச் சொல்லிவிடுவார்.

இப்படியே பதின்மூன்று பராத்து போயிற்று.

அறுபத்து நாலாம் ஆண்டு நடுவில் கொழும்பிலிருந்து கலீலுர் றஹ்மான் என்று ஒருவர் வந்தார். தலை நரைத்தவர், பழம் பத்திரிகைகளைத் தேடி ஊர் ஊராய் அலைகிறவர். மரைக்காரின் பெட்டியைக் கேள்விப்பட்டு வந்திருந்தார். இரண்டு நாள் அந்தப் பெட்டிக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்து பார்த்தார். ஸபீனாவை அடுக்கி முடித்தபோது அவர் முகம் பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம் போல ஆகிவிட்டது.

“மரைக்கார், இப்படி ஒரு வரிசை வேறெங்கும் இருக்கும் எண்டு நான் நினைக்கேல்ல. நடுவில ஒண்டுதான் குறையுது.”

“குறையேல்ல” என்றார் ஸைனுலாப்தீன். “அது வேறு இடத்தில பத்திரமா இருக்கு. அதிலதான் எங்கட அப்பாட பேர் இருக்கு.”

“அப்ப அதைத்தான் நான் முதற் பக்கத்தில போட வேணும். கப்பலில் வந்த பத்திரிகைகளைப் பற்றி ஒரு புத்தகம் செய்யிறன். நோம்புப் பெருநாள் கழிய, படம் பிடிக்கிற ஆளோட வாறன். எடுத்து வையுங்க.”

“வாங்க. எடுத்து வைப்பன்.”

சொல்லிவிட்டார். அவர் வாயால் வந்த சொல் பிசகியதாக ஊரில் கதை இல்லை. வந்தவர் போன பிறகு சித்தி பரீதா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தபடி மெல்லச் சொன்னாள்.

“எடுத்து வைப்பன் எண்டுட்டீங்க. கடல் வத்தினாக் கருவாடு தின்னலாம் எண்டு கொக்கு காத்திருந்ததாம். கிண்ணியாவுக்கு ஒரு ஆள் அனுப்பிக் கேட்டா என்ன?”

“களவெடுத்தவளிட்டப் போய்ப் பல்லைக் காட்டவா?”

“நீங்க காட்ட வேணாம். எனக்குப் பல்லு இருக்குத்தானே.”

அவர் முறைத்தார். அவள் குசினிக்குள் போய்விட்டாள். கதை அதோடு முடிந்தது என்று அவர் நினைத்தார்.

அந்த மார்கழியில் பராத்து முடிந்த கையோடு புயல் வந்தது. மாலையில் தொடங்கிய காற்று விடியும்போது ஊரை ஊராக வைத்திருக்கவில்லை. கூரைகள் கடலில் மிதந்தன, வள்ளங்கள் வீதியில் கிடந்தன. ஸைனுலாப்தீன் வீட்டின் முன்பாதி ஓடு முழுவதும் பறந்துபோயிற்று. அவர் கற்பூரப் பெட்டியை உள்ளறைக்குள் இழுத்து, தார்ப்பாயால் மூடி, அதன் மேல் தானே குப்புறக் கிடந்தார். பெட்டி தப்பியது.

தண்ணீர் வடிந்ததும் பள்ளியில் ஒரு கடமை எழுந்தது. வீட்டுக்கு வீடு குர்ஆனும் மௌலூதுக் கிதாபும் பிள்ளைகள் ஓதுகிற அலிஃப் ஏடும் ஊறிக் கிழிந்து கிடந்தன. அரபு எழுத்துப் பதிந்த தாளைக் குப்பையில் போட ஏலாது, காலில் மிதிபட விட ஏலாது. மண்ணில் புதைக்கலாம், ஆனால் நிலம் எங்கும் சேறு. ஆகவே ஆழத் துறைமுகத்துக்குள் கொண்டுபோய்க் கல் கட்டி இறக்குவதென்று ஸைனுலாப்தீன் முடிவு செய்தார். கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் சொல்லியனுப்பினார்கள். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் தாள்களை வெள்ளைச் சீலையில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். சுற்றிய பொதியைப் பிறகு யாரும் அவிழ்க்கக் கூடாது. மையித்தைச் சுற்றிய கஃபனைப் போல என்று பள்ளியில் குத்பா ஓதுகிற கதீப் சொன்னார். இது யாருடையது, உள்ளே என்ன என்று கேட்பதும் முறையல்ல.

இறங்குதுறையில் ஒரு புதுப்பாய் விரித்து, பொதிகளை வாங்கி அடுக்கினார்கள். மரைக்கார் பக்கத்தில் விறைத்து நின்றுகொண்டிருந்தார். கிண்ணியா வள்ளம் வந்து ஒட்டியது. கடைசியாக இறங்கியவன் றஊப். தலைமுடியில் பாதி வெளுத்திருந்தது. ஒரு வெள்ளைச் சீலைப் பொதியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நேரே அவரிடம் வந்தான்.

“மச்சான், இது நிஸா…”

“பள்ளி வேலை நடக்குது. இஞ்ச ஆரும் ஆருக்கும் மச்சான் இல்ல.”

பக்கத்தில் நின்றவர்கள் தலை குனிந்தார்கள். றஊப் பொதியை நீட்டினபடியே நின்றான்.

“உங்கட கையில குடுக்கச் சொன்னவ.”

“எல்லாரும் எங்க வைக்கிறாங்களோ, அங்க வை.”

“இது அந்தச் சாமானோட சேர்ற…”

“என்ன, உன்ட வீட்டுப் பொதிக்கு மட்டும் நான் தனிப் பாய் விரிக்கவா?”

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். றஊபின் நீட்டிய கை சிறிது நேரம் அப்படியே இருந்தது. பிறகு குனிந்து, மற்றப் பொதிகளிலிருந்து ஒரு சாண் தள்ளி, பாயின் ஓரத்தில் வைத்தான். வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் தன் வள்ளத்துக்குப் போய்விட்டான். அவனுக்கும் ரோசம் இருந்தது.

துறைமுகத்தின் நடுவே ஆழமான இடத்தில் வள்ளத்தை நிறுத்தினார்கள். கதீப் ஓத, ஸைனுலாப்தீன் ஒவ்வொரு பொதியாகக் கல்லோடு கட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லி, இரண்டு கையாலும் நீரில் இறக்கினார். எல்லாம் ஊறிக் கனத்திருந்தன. கடைசியில் வந்த பொதி மட்டும் காய்ந்து, இலேசாக, தட்டையாக இருந்தது. சீலை நன்றாகத் துவைத்து மடித்த சீலை. ஒரு கணம் அவர் கை தாமதித்தது. றஊப் வைத்துப்போன பொதி என்று தெரிந்தது. அதனாலேயே மற்றதற்குக் கட்டியதைவிடப் பெரிய கல்லாகப் பார்த்துக் கட்டி இறக்கினார். அது உடனே அமிழவில்லை. காற்றை உள்ளே வைத்திருந்தது போல ஒரு தரம் மேலே வந்து, பிறகு போயிற்று.

வீட்டுக்கு வந்து, கூரையில்லாத முன்வாசலில் கதிரையைப் போட்டு இருந்தார். செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தி அவருக்கு. சித்தி பரீதா வந்து முன்னால் நின்றாள்.

“கொண்டுவந்தாரா?”

“ஆர்? என்னத்தை?”

“றஊப் மச்சான். அந்தத் தாளை.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சீலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ரொட்டி கொண்டுவந்தவளிடம் தான் கேட்டனுப்பியதையும், அதற்கு நிஸா, ‘தாறன், மதினி. ஆனா என்ட மாப்பிள்ளைட கையாலதான் தருவன். காக்கா அதை அவர்ட கையால வாங்க வேணும். வேறொண்டும் எனக்கு வேணாம்’ என்று சொல்லிவிட்டதையும் சொன்னாள். இன்று காலை கிண்ணியாவிலிருந்து நிவாரண அரிசி எடுக்க வந்த பெண்கள், நிஸாவின் வீடு அடியோடு போய்விட்டது, அந்தத் தாளை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறி இருந்து காப்பாற்றினாள், இனித் தன்னிடம் வைத்திருக்கப் பயந்து வெள்ளைச் சீலையில் சுற்றி றஊபிடம் கொடுத்துவிட்டாள் என்று சொன்னார்களாம்.

“நல்ல நேரம் பார்த்து உங்களிட்டச் சொல்லுவம் எண்டு இருந்தனான். அதுக்குள்ள…”

ஸைனுலாப்தீன் எழுந்தார். நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

“எனக்கு ஏன் முதலே சொல்லேல்ல?”

“சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?”

அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். அவள் அவருடைய முகத்தைப் பார்த்து, பிறகு அவர் கைகளைப் பார்த்து, என்ன நடந்தது என்று விளங்கிக்கொண்டு, “யா அல்லாஹ்” என்று நிலத்தில் குந்திவிட்டாள்.

மறுநாள் காலை அவர் இறங்குதுறைக்குப் போனார். தண்ணீர் மை போல இருந்தது. எந்த இடத்தில் வள்ளத்தை நிறுத்தினோம் என்று கூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கடலடிக்கு மூழ்கிப்போகும் சுழியோடிகளைக் கேட்கலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. கேட்டால் என்ன சொல்வது? அல்லாஹ்வின் பேர் சொல்லி இறக்கியதை எடுத்துத் தா என்றா? அப்படியே எடுத்தாலும் கூழைத்தான் எடுக்கலாம். கடதாசியை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

கிண்ணியாவுக்குப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ‘நீ அனுப்பினாய், நான் மூழ்கடித்தேன்’ என்று தங்கச்சி முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் பதின்மூன்று வருஷம் போகாத வாசலுக்கு வெறுங்கையோடு, அதுவும் குற்றவாளியாக, எப்படிப் போவது? போக ஒரு மரியாதையான வழி வேண்டும். யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். நோம்பு தொடங்கப் போகிறது. பெருநாளன்று தொழுகை முடிந்து சொந்த பந்தம் வீடு வீடாய்ப் போய், செய்த பிழை பொறுக்கக் கேட்பது வழக்கம். அன்றைக்கு யாரும் யார் வாசலுக்கும் போகலாம். அதில் தாழ்வும் இல்லை, உயர்வும் இல்லை. பெருநாளன்று போவதென்று முடிவெடுத்தார். நிஸாவுக்கு ஒரு சேலை வாங்கினார். றஊபுக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல் ஒரு சாரன் வாங்கினார். இரண்டையும் கற்பூரப் பெட்டியின் மேல் வைத்திருந்தார்.

புயல் வெள்ளம் கிணறுகளுக்குள் இறங்கியிருந்தது. கிண்ணியாவில் காய்ச்சல் பரவியது. நோம்பின் நடுக்கூறில், ஒரு பகல், சைக்கிளில் வந்த ஒருவர் கடை வாசலில் இறங்காமலே சொன்னார்: “மரைக்கார், உங்கட தங்கச்சி நஜ்முன் நிஸா மௌத்து. அஸருக்கு அடக்கம்.”

துறையில் ஆட்களை அக்கரை சேர்க்கும் பாதைப்படகு ஓடவில்லை. புயல் அதை உடைத்துவிட்டது. வள்ளத்தில் ஏறிக் கடந்து போனார். துடுப்புப் போட்டவன் முகத்தை அவர் பார்க்கவில்லை. கரையில் இறங்கி நடந்தபோது ஊர் முழுக்க அவரைப் பார்ப்பது போல இருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் துக்கம்.

கபுறடியில் றஊப் நின்றான். பெண் மையித்தைக் கபுறுக்குள் இறக்க வாங்குகிறவர் நெருங்கிய உரிமைக்காரராய் இருக்க வேண்டும். முதல் உரிமை புருஷனுக்கு. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் ஸைனுலாப்தீனிடம் வந்தான்.

“நீங்க இறங்குங்க, மச்சான்.”

“உன்ட உரிமையல்லவா?”

“நான் வாங்கிட்டன். பதின்மூண்டு வருஷமா வச்சிருந்தன். நீங்க வாங்குங்க.”

தள்ளாத வயதில்லை என்றாலும் அந்தக் குழிக்குள் இறங்க அவருக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. மேலே நின்று றஊப் நீட்டினான். கீழே நின்று அவர் வாங்கினார். வெள்ளைச் சீலை. இலேசாக இருந்தாள். மடியில் ஏறி இருந்து வாசித்த நாளில் கூட இதைவிடக் கனமாக இருந்திருப்பாள் என்று பட்டது. அவளுடைய கலியாணத்தில் நீட்ட மறுத்த கை, மண்ணில் வைக்க நீண்டது.

நோம்பு திறக்கிற நேரம் றஊப் தன் வீடிருந்த இடத்துக்கு அவரைக் கூட்டிப் போனான். நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும் இருந்தன. பேரீச்சம் பழமும் ஒரு கோப்பைக் கஞ்சியும் கொடுத்தான். அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

“நீ எனக்கு அண்டைக்கே சத்தம் போட்டுச் சொல்லியிருக்கலாம், றஊப்.”

“அத்தனை பேருக்கு முன்னால, நீங்க அடிச்சா வாங்கியிருப்பன். சிரிச்சதைத்தான் தாங்க ஏலாமப் போச்சு.” அவன் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். குடிக்கவில்லை. “நான் வள்ளத்தில இருந்து பாத்தனான். நீங்க கல்லுக் கட்டினதைப் பாத்தனான். கத்திக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடேல்ல. அது என்ட பங்கு.”

“அவளுக்கு என்ன சொன்னாய்?”

“குடுத்தீங்களா எண்டு கேட்டவ. குடுத்தன் எண்டன். கையில வாங்கினவரா எண்டு கேட்டவ.”

ஸைனுலாப்தீன் கோப்பையைக் கீழே வைத்தார்.

“ஓம் எண்டு சொன்னன். ரெண்டு கையாலயும் வாங்கினவர் எண்டன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தவ. வாங்கினவர் வருவார்தானே எண்டு. காய்ச்சல் முத்தின நேரமும் அந்தக் கதைதான். நோம்பு முடியட்டும், பெருநாளைக்கு வருவார் எண்டு நான்தான் சும்மா ஒரு ஆறுதலுக்குச் சொன்னன்.”

மஃரிபுக்கு யாரோ பாங்கு சொன்னார்கள். பள்ளிக்குக் கூரை இல்லாததால் குரல் நேரே கடற்பக்கம் போய்விட்டது.

பெருநாள் கழிந்து, சொன்னபடி கலீலுர் றஹ்மான் வந்தார். கூடவே படம் பிடிக்கிறவர், பெரிய கறுப்புப் பெட்டியோடு. வழி நெடுக ஊரின் கோலத்தைப் பார்த்துக்கொண்டே இருவரும் வந்திருந்தார்கள். வீட்டு மண்டபத்தில் றஊப் கதிரையில் இருந்தான். இருக்க மாட்டேன் என்று நின்றவனை மரைக்கார்தான் தோளைப் பிடித்து இருத்தியிருந்தார். “இவர் என்ட மச்சான், கிண்ணியா றஊப்” என்று விருந்தாளிகளுக்குச் சொன்னார்.

பெட்டியைத் திறந்தார்கள். ஸபீனா வரிசையாய்க் கிடந்தது. நடுவே இடைவெளி. கலீலுர் றஹ்மான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்தத் தாள், மரைக்கார்… புயலோட போயிட்டுதா?”

அந்தக் கேள்வியில் ஒரு கதவு திறந்திருந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். புயல் எடுக்காதது என்று அந்த ஊரில் எதுவும் இல்லை. யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மீராலெப்பைத் தண்டலின் குடும்பத்துக்கு ஒரு சொட்டுக் குறைவும் வராது. திரைச்சீலைக்குப் பின்னால் சித்தி பரீதா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். றஊப் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்லை” என்றார் ஸைனுலாப்தீன். “புயலிலயிருந்து என்ட தங்கச்சி அதைக் காப்பாத்தினவ. மரத்தில ஏறி இருந்து காப்பாத்தி, இவர்ட கையில குடுத்து எனக்கு அனுப்பினவ. இவர் கொண்டுவந்து நீட்டினவர். நான் வாங்கேல்ல. அவிழ்த்தும் பார்க்கேல்ல. கல்லுக் கட்டிக் கடலில இறக்கிட்டன். என்ட கையாலதான்.”

படம் பிடிக்கிறவர் தன் பெட்டியை மெல்ல நிலத்தில் வைத்தார்.

“உங்கட புத்தகத்தில அப்படியே போடுங்க” என்றார் மரைக்கார். “அவட பேர் நஜ்முன் நிஸா. அதையும் போடுங்க.”

கலீலுர் றஹ்மான் தலையாட்டினார். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, “அதில இருந்த வாசகம் ஏதும் உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?” என்றார்.

இருந்தது. மடியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு எத்தனையோ முறை கேட்ட வாசகம். அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். வாடைக்காற்றும், பாறையில் தட்டிய கப்பலும், பெண்டு பிள்ளைகளின் கூக்குரலும் வந்தன. அவருடைய குரல் தடித்த குரல். ஆனால் நீட்டலும் குறுக்கலும் ஒரு சின்னப் பெண்ணுடையவையாக இருந்தன. கலீலுர் றஹ்மான் எழுதிக்கொண்டே வந்தார்.

“அவ்விடத்தே திருக்கோணமலைத் துறையின் மீராலெப்பைத் தண்டல் என்னும் பேர் கொண்ட மாலுமி…”

நிறுத்தினார். கண்ணைத் திறந்து, தலையை நிமிர்த்தி, சபையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

எழுதுகிறவர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி அடுத்த வரிக்காக இருந்தார். மறந்துவிட்டார் போலும் என்று படம் பிடிக்கிறவர் நினைத்தார். மறக்கவில்லை. அடுத்த வரி அவருக்கு நன்றாகத் தெரியும். மேல வாசி என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் யாரும் இப்போது இல்லை.

இருந்தும் அவர் காத்துக்கொண்டிருந்தார்.